நாகர்கோவில் வானொலி எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உள்ளூர் வானொலி நிலையங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் குமரி மாவட்டத்துக்காரன், இப்போது வெளியூரில் வேலை. சிறுவயதில் நாகர்கோவில் வானொலி ஒலிக்காத காலை எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் இன்று பாட்டு, செய்தி, வானிலை எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. சென்னையில் தரமாக ஒரே ஒலிபரப்பைத் தயாரித்து மற்ற நிலையங்கள் அதை அப்படியே வாங்கி அஞ்சல் (மறுஒலிபரப்பு) செய்தால் போதாதா? சிறிய ஊருக்குத் தனி நிலையம் என்பது வெறும் பாசம்தானோ என்று தோன்றுகிறது.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

பாசம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த நிலையம் பாசத்தால் பிறந்ததல்ல. சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் அகில இந்திய வானொலி வந்துவிட்டது. திருநெல்வேலிக்கு 1963-ல் வந்தது. குமரிக்காரர்கள் நெல்லையைக் கேட்டார்கள், திருவனந்தபுரத்தைக் கேட்டார்கள், இலங்கை வானொலியையும் கேட்டார்கள். எல்லாத் திசையிலிருந்தும் குரல் வந்தது. அவர்கள் மண்ணிலிருந்து மட்டும் எதுவும் போகவில்லை. தேசிய, மாநில ஒலிபரப்புகளுக்குக் கீழே உள்ளூர் என்று மூன்றாவது அடுக்கு வேண்டும் என முடிவானபோது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கப்பட்டது. இன்று பண்பலையில் 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிப்பது அதுதான்.

சென்னையிலிருந்து ஒரே ஒலிபரப்பு என்கிறீர்கள். வேளாண் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். காவிரிப் படுகைக்குக் குறுவை, சம்பா என்று பேசலாம். குமரியின் நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று அங்குள்ள நெல் பருவங்களின் பெயரில்தான் பேச வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்க, குமரிக்குத் தென்மேற்கும் கைகொடுக்கிறது. ஜூனிலேயே நாற்றும் உரமும் பற்றிக் கேள்விகள் எழுந்துவிடும். மேற்கே போனால் ரப்பர். மழைக்காலத்தில் பால்வெட்டுக்கு என்ன பாதுகாப்பு செய்வது என்பதில் மாநிலம் முழுவதற்குமான நிகழ்ச்சி எத்தனை நிமிடம் செலவிடும்? தோவாளைச் சந்தையின் பூ விலையை யார் படிப்பார்கள்?

பேச்சு ஊருக்கு ஏற்றதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சையே சாட்சி. அறுபதுகளில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு ஏ.டி.டி. 27 என்ற புதிய ரகத்தை விவசாயிகள் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

கடலையும் சொல்ல வேண்டும். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பு எல்லா நிலையங்களிலும் வரும். உள்ளூர் அறிவிப்பாளரோ அதைக் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் சின்னமுட்டத்துக்கும் பெயர் சொல்லி, கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பவருக்குப் புரியும் பேச்சில் சொல்ல முடியும். தேவைப்பட்டால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு மறுபடியும் சொல்ல முடியும். அஞ்சல் மட்டும் செய்யும் நிலையத்தில் அப்படி நிறுத்த ஆளே இருக்கமாட்டார். பண்பலையின் எல்லையையும் மறைக்க விரும்பவில்லை. அதன் அலை அடிவானத்தைத் தாண்டி அதிக தூரம் போகாது. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் வெகுதூரம் சென்றிருந்த படகுகளுக்கு எந்தப் பண்பலையும் எட்டியிருக்க வழியில்லை. உப்புநீரின் மேல் நெடுந்தூரம் பாயும் மத்திய அலையை (மீடியம் வேவ்) இனித் தேவையில்லாத பழம்பொருள் என்று பேசுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கைப்பேசி பற்றி. அதில் எல்லாம் கிடைக்கிறது, உண்மை. ஆனால் யாராவது பதிவுசெய்திருந்தால்தானே கிடைக்கும்? கோயில் கொடை விழாவுக்குப் போய், வில்லுப்பாட்டின் குடமும் உடுக்கையும் வில்லின் மணிகளும் ஒன்றையொன்று அமுக்கிவிடாதபடி ஒலிவாங்கியை வைத்து, புலவரின் பாட்டை முழுமையாகப் பதிவுசெய்ய ஒரு வெளிப்புற ஒலிப்பதிவுக் குழு வேண்டும். எந்தப் புலவர் எந்தக் கதையில் தேர்ந்தவர் என்று தெரிந்த நிகழ்ச்சி நிர்வாகி வேண்டும். விளவங்கோட்டுப் பேச்சையும் அகஸ்தீஸ்வரத்துப் பேச்சையும் காதால் பிரித்தறிகிறவர் வேண்டும். இவர்கள் அந்த ஊர்ப்பக்கம் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒலிநாடாக் காலத்தில், நாடாவுக்குத் தட்டுப்பாடு என்று பழைய பதிவை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதியும் வழக்கம் வானொலி நிலையங்களில் இருந்தது. அப்படிப் போன குரல்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு வேகிறது.

சென்னை செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய நாடகம், கச்சேரி, மாநிலச் செய்தி எல்லாம் அங்கிருந்து வரட்டும். சிறு நிலையத்துக்கு அவற்றுக்கான வசதி கிடையாது. காலை, மாலை நேரங்கள் மட்டும் அந்தந்த ஊர் நிலையத்தின் கையில் இருக்க வேண்டும். நிரந்தர அறிவிப்பாளர் ஓய்வுபெற்றால் அந்த இடம் நிரப்பப்பட வேண்டும். நாள் கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர அறிவிப்பாளர்களின் தலையிலேயே முழு நிலையத்தையும் சுமத்தக் கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்நாளில் பல வீடுகளில் வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்து வைப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால், வீணாவதற்குள் கணினியில் ஏற்றி ஒரு பிரதியை நிலையத்துக்கே கொடுங்கள். அவர்களிடம் அது இல்லாமல் இருக்கக்கூடும்.