ஜாமீன் கிடைத்தும் புழல் சிறையிலேயே மகன்: இருநபர் ஜாமீனுக்கு ஆள் இல்லை என்றால் என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. நாங்கள் வியாசர்பாடியில் இருக்கிறோம். கணவர் இல்லை, நான் வீட்டு வேலை செய்கிறேன். செல்போன் திருடியதாக மகனைப் பிடித்தார்கள், பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 303(2), அதாவது திருட்டு வழக்கு. இதற்கு முன் அவன் மீது எந்த வழக்கும் இல்லை. போனை மறுநாளே மீட்டுவிட்டார்கள். ஸ்டேஷனில் அவனை அடித்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்து 40 நாள் ஆகிறது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இருநபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வீட்டு வரி ரசீதோடு வர யாரும் இல்லை. கோர்ட் வாசலில் ஒருவர், 8,000 கொடுத்தால் ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாளைக் கழித்து உடனே விட்டுவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி? அடித்த போலீஸ் மீது வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, அடித்தது பற்றிய புகாரை இப்போது ஓரமாக வையுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போக சம்பவ நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது. சிறையில் சேர்த்தபோது எடுத்த மருத்துவப் பதிவின் நகலுக்கு மட்டும் வழக்கறிஞர் மூலம் இப்போதே மனுக் கொடுத்து வையுங்கள். சொந்தக்காரர்கள் வராதது பற்றிச் சட்டத்தில் சொல்ல எதுவும் இல்லை.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் மகன் ஜாமீன் மறுக்கப்பட்டு உள்ளே இல்லை. நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் உள்ளே இருக்கிறார். அதனால் புது ஜாமீன் மனு தேவையில்லை. உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே நிபந்தனை தளர்வு மனுப் போட வேண்டும்.

அந்த மனுவுக்கு வலு இருக்கிறது. 31.1.2023 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தகவல் தர வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தப் பரிசீலிக்கலாம். வெளியே வந்து ஜாமீன்தாரரைக் கொண்டுவருகிறேன் என்று கைதி கேட்டால், தகுந்த வழக்கில் குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிக ஜாமீன் தருவதையும் பரிசீலிக்கலாம். உங்கள் மகனுக்கு 40 நாள் ஆகிவிட்டது. அந்தத் தேதிக் கணக்கை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரத்த உறவு ஜாமீன்தாரராக நீங்களே நிற்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், இரண்டு போட்டோ போதும். ஆக, இரண்டாவது ஆளுக்குப் பதில் என்ன என்பதுதான் பிரச்சினை. மனுவில் இரண்டைக் கேளுங்கள்: ஒரு நபர் ஜாமீன் போதும் என்று தளர்த்த வேண்டும், இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 490-ன்படி பணமாகக் கட்ட அனுமதிக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் விசாரணைக் கைதி ஒருவருக்கு ஒரு வரம்பு வரை ஜாமீன் பணத்தை அரசே கட்டும். ஆனால் அந்தத் திட்டம் தருவது பணம், ஆள் அல்ல. உத்தரவில் ‘இருநபர்’ என்று இருக்கும்வரை அந்தப் பணத்தால் பயன் இல்லை. முதலில் உத்தரவு மாற வேண்டும், பிறகு பணம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மாஜிஸ்திரேட்டின் ஒரே கவலை, இவன் வாய்தாவுக்கு வருவானா என்பது. வாடகை ஒப்பந்தம் அல்லது கேஸ் புத்தகம், மகன் வேலை பார்த்த இடத்துக் கடிதம், உங்கள் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை இணையுங்கள். 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். போகலாம் என்று நீதிமன்றமே சொன்ன ஒரு பையனை மக்கள் வரிப்பணத்தில் சோறு போட்டுக் காவல் காத்து, பழகிய திருடர்களோடு ஒரே பிளாக்கில் வைப்பதால் வியாசர்பாடிக்கு எந்தப் பாதுகாப்பும் வரப்போவதில்லை. வேலை போய்க் கையில் காசில்லாமல் வெளியே வருபவன்தான் மறுபடி மாட்டுகிறான். இதையும் மனுவில் தயங்காமல் எழுதலாம்.

இப்போது நீங்கள் சொன்ன இரண்டு குறுக்கு வழிகள். இங்கேதான் குடும்பங்கள் விழுகின்றன.

வாசலில் நிற்கும் ஆள் கொண்டுவருபவர் வாடகை ஜாமீன்தாரர். பி.என்.எஸ்.எஸ். 486-ன்படி, எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று ஒவ்வொரு ஜாமீன்தாரரும் உறுதிமொழி தர வேண்டும். இவர்கள் அதில் பொய் சொல்வார்கள். வரி ரசீதும் பெரும்பாலும் போலி. சரிபார்ப்பில் சிக்கினால் ஜாமீன் ரத்தாகி, போலி ஆவண வழக்கில் உங்கள் மகன் பெயரும் சேரலாம். அதன்பின் தளர்வு கேட்டால் எந்த மாஜிஸ்திரேட்டும் நம்ப மாட்டார். 8,000 ரூபாய் போனதோடு நிற்காது.

குற்றத்தை ஒப்புக்கொள்வது இன்னும் ஆபத்து. அன்று மாலையே வெளியே வரலாம் என்பது உண்மைதான். சிறை அதாலத்தில் (சிறு வழக்குகளை முடிக்கச் சிறையிலேயே நடத்தும் நீதிமன்றம்) இப்படித்தான் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. அடுத்த முறை சந்தேகத்தின் பேரில் பிடித்தாலும் அவர் முதல்முறைக் குற்றவாளி அல்ல. பி.என்.எஸ்.எஸ். 479-ன்படி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்தால் ஜாமீனில் விடுதலை என்ற சலுகை, பாதிக் காலம் இருக்க வேண்டும் என்று ஏறிவிடும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்குச் சமூக சேவை என்ற வழியும் முதல் தண்டனைக்கு மட்டுமே உண்டு. (இந்த 479-ஐ நம்பி இப்போது காத்திருக்கவும் வேண்டாம், மூன்றாண்டுக் குற்றத்துக்கு அது ஓராண்டுச் சிறை.) போலீஸ் சரிபார்ப்பு கேட்கும் எந்த வேலையும் சிக்கலாகும். வேறு வழியே இல்லாமல் ஒப்புக்கொள்ளும் நிலை வந்தால், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4-ஆம் பிரிவில் விடுவிக்கவும், 12-ஆம் பிரிவின் பாதுகாப்பை (தண்டனையால் தகுதியிழப்பு வராது என்பதை) தரவும் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது.

என்னைக் கேட்டால் வழக்கைச் சமரசத்தில் முடியுங்கள். 303(2) சமரசத்துக்கு உரிய குற்றம். போனின் உரிமையாளர் நீதிமன்றத்தில் சமரசம் என்று பதிவு செய்தால் அது விடுதலைக்குச் சமம், தண்டனைப் பதிவே இருக்காது. நாங்கள் நிரபராதி, ஏன் சமரசம் என்று வீம்பு பிடிக்காதீர்கள். அவருடைய போன் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் இருக்கும். திரும்பப் பெற அவர் மனுப் போட்டால் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் நீங்களோ மகனோ அவர் வீட்டுப் படியேறாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக ஒரு புகார் வந்தால் ஜாமீன் போய்விடும். வழக்கறிஞர் மட்டுமே பேசட்டும். குற்றப்பத்திரிகையில் பிரிவு 305 (வீடு போன்ற இடத்துக்குள் நடந்த திருட்டு) ஆக மாறியிருந்தால் இந்த வழி கிடையாது, அதை முதலில் பாருங்கள்.

வழக்கறிஞருக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சிறைக்கு வரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரிடம் மகனே எழுதிக் கொடுக்கலாம். ஜாமீன் பத்திரம் எழுதும் முன், வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் உள்ளதா என்று சிறையில் கேட்கச் சொல்லுங்கள்; இருந்தால் அந்த வழக்கிலும் ஜாமீன் வாங்கிய பிறகே கதவு திறக்கும். வெளியே வந்ததும் ஸ்டேஷன் கையெழுத்து, வாய்தா எதையும் தவறவிடக் கூடாது. ஒரு வாய்தா தவறினாலும் பிடிவாரண்ட் வரும், பி.என்.எஸ். 269-இல் ஓராண்டு வரை தண்டனைக்குரிய புது வழக்கு வரலாம், ஜாமீன் நின்ற உங்களிடம் அந்தப் பத்தாயிரத்தையும் கேட்பார்கள்.