கம்பெனி வெப்சைட்டுக்கு கன்டென்ட் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. படிப்பை முடிக்கப் போகும் மகள், கம்பெனி வெப்சைட்டுகளுக்கு கன்டென்ட் எழுதும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், ஏஐ வந்துவிட்ட காலத்தில் இது நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயமானதுதான். மறைக்காமல் சொல்கிறேன்.

எழுதத் தெரியும் என்பது மட்டும் கையில் இருந்தால் கஷ்டம். எங்கிருந்தோ தகவலை எடுத்து, வார்த்தைகளை மாற்றிப் போட்டு, வாரத்துக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குக் காட்டும் வேலை, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து ஆட்டம் கண்டிருக்கிறது. அதை நம்பி உங்கள் மகள் இறங்கினால் நானே வேண்டாம் என்பேன். ஒரு தொழிலின் வெப்சைட்டில் எந்தெந்தப் பக்கம் வேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன சொல்ல வேண்டும், எதைத் தூக்கிவிடலாம் என்று முடிவு செய்வது வேறு வேலை. கன்டென்ட் பிளானிங் என்பார்கள். அதில் கை தேர்ந்தவருக்கு கன்டென்ட் ஸ்ட்ராட்டஜிஸ்ட் என்று பெயர். மகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி செய்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனம். அவர்கள் வெப்சைட்டைத் திறந்தால் 'தரமே எங்கள் அடையாளம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று பக்கம் பக்கமாக இருந்தது. அந்தப் பெண் உடனே எழுத உட்காரவில்லை. இரண்டு நாள், போன் எடுப்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கூப்பிடுபவர்கள் கேட்பதை அப்படியே அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொண்டாள். இன்றைக்கே ஆள் வருவாரா? வீட்டிலேயே சரி செய்வாரா, தூக்கிக்கொண்டு போவாரா? வந்து பார்ப்பதற்கே தனியாகக் காசு உண்டா? மாற்றிய பாகம் மறுபடி கெட்டால் யார் பொறுப்பு? இதில் ஒன்றுக்குக்கூட அந்த வெப்சைட்டில் பதில் இல்லை.

திரும்பத் திரும்ப வந்த புகார், 'தண்ணீர் வெளியே போகவில்லை, துணி உள்ளே ஊறிக் கிடக்கிறது' என்பது. மெக்கானிக்கிடம் கேட்டாள். முன்பக்கம் திறக்கும் மெஷினாக இருந்தால், கீழே சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரில் நூலோ நாணயமோ அடைத்திருக்கலாம், அதை வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்றார். அதையே ஒரு பக்கமாகப் போடலாம் என்று அவள் சொன்னதும் முதலாளி தயங்கினார். 'அப்புறம் நம்மை யார் கூப்பிடுவார்கள்?' என்றார். அவர் தயக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஃபில்டரைக் கழற்றித் தானே சரி செய்துகொண்டவர், அடுத்த பழுதுக்கு இவர்களைத்தான் நினைப்பார். கழற்றிப் பார்த்தும் சரியாகாதவர், அந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன்பே போன் செய்வார். முதலாளி ஒத்துக்கொண்டார். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், உள்ளே வெந்நீர் இருந்தால் ஆறவிடுங்கள், கீழே தட்டு வைத்து மூடியை மெதுவாகத் திருகுங்கள், இதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள் என்று அந்தப் பக்கம் போனது. ஏஐயிடம் கேட்டாலும் ஃபில்டரைப் பற்றிச் சொல்லும். இந்த நிறுவனத்தைக் கூப்பிடுகிறவர்கள் எதற்குப் பதறுகிறார்கள் என்பது பக்கத்தில் போய் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

வாடிக்கையாளருக்கு உதவும் தகவலைச் சும்மா கொடுப்பது கம்ப்யூட்டரோடு வந்த புது யோசனையும் இல்லை. டயர் விற்ற மிஷ்லின் சகோதரர்கள் 1900-ல் பிரான்சில் கார் ஓட்டுபவர்களுக்காக ஒரு கையேடு அச்சிட்டு இலவசமாகவே கொடுத்தார்கள். டயரை எப்படி மாற்றுவது, எங்கே பெட்ரோல் கிடைக்கும், மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்தக் கையேடு இன்றைக்கும் வருகிறது.

சில தொழில் விஷயங்களும் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெப்சைட்டை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நிபுணர் யாக்கோப் நீல்சன் 1997-ல் செய்த ஆய்வில், வெப்சைட்டுக்கு வந்தவர்களில் 79 சதவீதம் பேர் பக்கத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். வார்த்தை வார்த்தையாகப் படித்தவர்கள் 16 சதவீதம். அதனால் பதில் முதல் வரியில் வர வேண்டும், விளக்கம் பிறகு. ஆட்கள் எந்தச் சொல்லைத் தேடி வெப்சைட்டுக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் இலவசம், அதைப் படிக்கப் பழகட்டும். ஒரே கீவேர்டை, அதாவது ஆட்கள் கூகுளில் தேடும் சொல்லை, பத்து தடவை திணிக்கச் சொல்லித்தரும் குறுகிய காலப் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். பார்ப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் கோடுக்குள் கீவேர்டுகளை எழுதி வைக்கும் கீவேர்டு மெட்டா டேக்கைக்கூடக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இத்தனை வார்த்தை இருந்தால்தான் தேடலில் பக்கம் மேலே வரும் என்ற கணக்கும் அவர்களிடம் இல்லை.

சரி, உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா? அவள் தமிழோ ஆங்கிலமோ எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். தெரியாத ஆளிடம் போய்ப் பேசுவாளா? பதில் புரியாவிட்டால் கூச்சப்படாமல் மறுபடி கேட்பாளா? நீங்கள் சமைக்கும்போதும் பேங்குக்குப் போகும்போதும் 'ஏன் அப்படி?' என்று நச்சரிக்கும் பெண் என்றால், தைரியமாக விடுங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் எழுத்து வேலையாகத்தான் அமையும், அளவும் அதிகமாக இருக்கும். ஒன்றிரண்டு வருடம் பரவாயில்லை. ஆனால் இன்டர்வியூவில் அவள் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: கன்டென்ட் எழுதுபவர் வாடிக்கையாளரோடோ சேல்ஸ் ஆட்களோடோ நேரில் பேச வழி இருக்கிறதா? இல்லை என்று சொல்லும் இடத்தில் அவள் கை வேகமாகும், வேறெதுவும் வளராது.

அதற்கு முன், தெரிந்தவர்கள் யாராவது நடத்தும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். அதில் குறிக்க வேண்டியவை: வாடிக்கையாளர் கேட்ட கேள்வி, வாங்குவதற்கு முன் கேட்டாரா பின் கேட்டாரா, பதில் அங்கே யாருக்குத் தெரியும், அது எந்தப் பக்கத்தில் வர வேண்டும், அந்தப் பக்கத்தை அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலரும் விட்டுவிடுவார்கள், அப்புறம் மூடிப்போன கிளையின் முகவரி வருடக்கணக்கில் வெப்சைட்டில் கிடக்கும். நாற்பது கேள்வி சேர்ந்ததும், அதில் மூன்றுக்கு மட்டும் முழுப் பக்கம் எழுதட்டும்.

ஒரு மாதம் கொடுங்கள். பிறகு அந்த ஷீட்டோடு அவளை என்னிடம் அனுப்புங்கள், நீங்களும் கூட வாருங்கள். எழுதிய மூன்று பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த நாற்பது கேள்வியைத்தான் முதலில் படிப்பேன்.