தெருவுக்கும் சாலைக்கும் ஆங்கிலத்தில் என்ன பெயர்? வாசகர் கேள்விகள்

கேள்வி: ரோடு, ஸ்ட்ரீட் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதலாமா?

பதில்: வேண்டாம். ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைப்பது ரோடு. இருபுறமும் வீடும் கடையுமாக, ஊருக்குள் இருப்பது ஸ்ட்ரீட். நம் சாலை, தெரு வேறுபாடுதான் கிட்டத்தட்ட. பழைய ஆங்கிலத்தில் ரோடு என்றால் குதிரைச் சவாரி. 'ரைடு' அதே வேரில் பிறந்த சொல். ஸ்ட்ரீட், கல் பாவிய வழியைக் குறித்த 'ஸ்ட்ராட்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர் போட்ட நீண்ட பாதைகளில் ஒன்று வயல்வெளிகளைத் தாண்டிப் போனாலும் இன்றும் வாட்லிங் ஸ்ட்ரீட்தான்.

வழி என்ற பொருளில் ரோடு புழங்கத் தொடங்கியது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். லண்டனின் நடுவே, ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பில், 'சிட்டி' என்ற பழைய பகுதி இருக்கிறது. அங்குள்ள தெருக்களுக்கு அதற்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது. அதனால் எங்கு திரும்பினாலும் ஸ்ட்ரீட், லேன், ஆலி. 1994-ல் எல்லையை மாற்றியபோது கோஸ்வெல் ரோட்டின் ஒரு பகுதி உள்ளே வந்தது. அதுவரை 'ரோடு' என்ற பெயரில் அங்கே ஒரு வழிகூட இல்லை!

பெயர் விஷயத்தில் மட்டும் விதி பார்க்காதீர்கள். உஸ்மான் ரோட்டில் இருபுறமும் கடைகள்தான், ஆனாலும் அது ரோடு. முகவரியைப் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள்.

கேள்வி: சந்துக்கு லேனா, ஆலியா?

பதில்: வண்டி நுழையக்கூடிய குறுகலான தெரு, லேன். யாழ்ப்பாணத்தார் ஒழுங்கை என்பார்களே, அது. இரண்டு கட்டடங்களுக்கு இடையிலோ பின்புறத்திலோ நெருக்கமாக ஓடுவது ஆலி. நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த தடமும் லேன்தான் என்பதை மறக்க வேண்டாம். 'ஃபோர் லேன்' என்பதை நான்கு சந்து என்று மொழிபெயர்த்த விடைத்தாளை நானே திருத்தியிருக்கிறேன்.

கேள்வி: 'பிளாட்பாரத்தில் நடந்து போனேன்' என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பதில்: மிக நல்ல கேள்வி. பிளாட்பாரக் கடை, பிளாட்பாரத்தில் தூங்குகிறவர் என்றெல்லாம் நாம் சொல்கிறோம். ஆனால் பிளாட்ஃபார்ம் என்று கேட்டதும் ஆங்கிலேயர் மனதில் வருவது ரயில் நிலையம். நடைபாதைக்கு பிரிட்டனில் பேவ்மென்ட், அமெரிக்காவில் சைடுவாக். இந்தியாவில் ஃபுட்பாத் என்றால் எல்லாருக்கும் புரியும்; பிரிட்டனில் அதே சொல் வயலுக்கும் தோப்புக்கும் நடுவே போகும் ஒற்றையடிப் பாதைக்குத்தான் அதிகம் வரும்.

இதில் ஆபத்தான சொல் பேவ்மென்ட். அமெரிக்கருக்கு அது வண்டி ஓடும் தளம். அங்கே கிராமப்புறச் சாலையில் 'பேவ்மென்ட் எண்ட்ஸ்' என்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். நடைபாதை முடிகிறது என்று எடுத்துக்கொண்டு நம் ஆட்கள் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். பலகை சொல்வது, தார்த்தளம் முடிகிறது, அப்புறம் சரளைக்கல்தான் என்பதை. சிறுபிள்ளையிடம் 'பேவ்மென்ட்டில் நட' என்று அங்கே சொன்னால், நடுரோட்டில் நட என்றுகூடப் புரிந்துகொள்ளலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் இந்த ஒரு சொல்லையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

கேள்வி: சப்வே என்றால் சுரங்கப்பாதைதானே?

பதில்: மழை பெய்தால் தண்ணீர் தேங்கி மூடப்படும் நம் ஊர் சப்வேயும், பிரிட்டனில் நடந்து கடக்கும் சப்வேயும் சுரங்கப்பாதைதான். நியூயார்க்கில் சப்வே என்றால் நிலத்தடி ரயில். அங்கே சாலைக்கு அடியில் போகும் வழிக்கு அண்டர்பாஸ் என்று சொல்லுங்கள். அதேபோல நம் ஃப்ளைஓவர், அவர்களுக்கு ஓவர்பாஸ்.

கேள்வி: ஹைவே, எக்ஸ்பிரஸ்வே, ஃப்ரீவே, மோட்டார்வே... குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நினைத்த இடத்தில் உள்ளே நுழைய முடியுமா? ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் பல இடங்களில் ஓரத்திலேயே டீக்கடை உண்டு, பக்கத்துக் கிராமத்துச் சாலை வந்து சேரும், சைக்கிளும் போகும். அது ஹைவே. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் குறிப்பிட்ட வாயில்களில் மட்டுமே ஏறி இறங்கலாம், பைக்குக்கு அனுமதி இல்லை. இந்த இரண்டாவது வகைதான் பிரிட்டனில் மோட்டார்வே. அங்கே முதலாவது 1958-ல் பிரெஸ்டன் ஊரைச் சுற்றித் திறந்தது. ஃப்ரீவே என்பது அமெரிக்கச் சொல். அதிலுள்ள 'ஃப்ரீ', சுங்கக் கட்டணம் இல்லை என்பதைக் குறிப்பதல்ல. சிக்னலும் குறுக்குச் சாலையும் மறிக்காமல் போகலாம் என்பதைத்தான்.

பிரிட்டனில் சட்டப்படி பொதுவழி எதுவானாலும் ஹைவே, ஒற்றையடிப் பாதை உட்பட. அங்குள்ள 'ஹைவே கோட்' விதிநூல் நடந்து போகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருப்பது அதனால்தான்.

கேள்வி: முட்டுச்சந்து?

பதில்: டெட் எண்ட். வீடுகள் சூழ்ந்த அமைதியான தெரு அப்படி முடிந்தால், கல்-டி-சாக். பிரெஞ்சில் 'பையின் அடி' என்று பொருள். 'நோ த்ரூ ரோடு' என்ற பலகையைப் பார்த்தால் உள்ளே போகலாம், மறுபக்கம் வெளியேற முடியாது. நுழையவே கூடாது என்பதற்கு 'நோ என்ட்ரி' என்று தனிப் பலகை உண்டு.

கேள்வி: குழந்தைகள் தெருவில் விளையாடுகிறார்கள் என்பதற்கு 'இன்' வருமா, 'ஆன்' வருமா?

பதில்: பிரிட்டிஷ் வழக்கில் 'இன் தி ஸ்ட்ரீட்', அமெரிக்காவில் 'ஆன்' என்பதும் சகஜம். ரோட்டுக்கு எங்கும் 'ஆன்' போடலாம். ஆனால் பிரிட்டனில் 'இன் தி ரோடு' என்று யாராவது கத்தினால் உடனே திரும்பிப் பாருங்கள். வண்டி வரும் வழியில் குழந்தை நிற்கிறது என்று பொருள்.