சமநிலை குலைந்த பிறகு குவாண்டம் பின்னல் எப்படிப் பரவுகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

என் முனைவர் பட்ட வேலை முழுக்க ஸ்பின் சங்கிலிகளை, அதாவது மேல் அல்லது கீழ் காட்டும் குட்டிக் குவாண்டம் காந்தங்களின் வரிசைகளைச் சுற்றித்தான். அதனால் இந்த விஷயத்தில் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் நிறைய வந்துவிட்டன. என்டேங்கில்மென்ட் என்பதைப் பின்னல் என்றே எழுதுகிறேன், எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது.

அக்கா, பின்னல் "பரவுகிறது" என்கிறார்களே, உண்மையில் அங்கே எது நகர்கிறது? (பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவி)

ஒரு வரிசையில் ஸ்பின்களை மேல், கீழ், மேல், கீழ் என்று நிறுத்திவைத்திருப்பதாக வைத்துக்கொள். இந்த நிலையில் பின்னலே கிடையாது. ஒவ்வொரு ஸ்பின்னைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் மொத்தச் சங்கிலியையும் சொன்ன மாதிரிதான். இப்போது திடீரென்று விதியை மாற்றுகிறோம், பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஒன்றையொன்று பாதிக்கும்படி. இதைத்தான் குவென்ச் என்பார்கள். கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று தண்ணீரில் முக்குவார்களே, அந்தச் சொல்தான். அதற்கப்புறம் சங்கிலி தன்பாட்டுக்கு ஓடுகிறது, வெளியிலிருந்து யாரும் தொடுவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பாதியை மட்டும் பார். அதைப் பற்றிச் சொல்ல முடிந்த எல்லாவற்றையும் சொன்னாலும் ஏதோ விட்டுப்போகும், ஏனென்றால் அந்த விவரம் இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை, இரண்டுக்கும் இடையிலான உறவில் இருக்கிறது. விட்டுப்போவது எவ்வளவு என்பதற்கான அளவுதான் பின்னல் என்ட்ரோபி. முழுதாகப் பின்னிய ஒரு ஜோடியைக் கோடு பிரித்தால் ஒரு பிட், பத்து ஜோடியைப் பிரித்தால் பத்து பிட். எது நகர்கிறது என்ற உன் கேள்விக்கு ஒரே பதில் இல்லை, அது எந்தச் சங்கிலி என்பதைப் பொறுத்தது. எளிய சங்கிலிகளில் பதில் மிக அழகாக இருக்கும், அடுத்த கேள்வியில் வருகிறது.

எவ்வளவு வேகத்தில் வளரும்? அதற்கு வரம்பு உண்டா?

2005-இல் காலப்ரீஸ், கார்டி என்ற இரு இயற்பியலாளர்கள் கொடுத்த படம் இது. குவென்ச் செய்த நொடியில் சங்கிலியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் துகள் போன்ற அலைப்பொட்டலங்கள் ஜோடி ஜோடியாகப் புறப்படுகின்றன, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். ஒரே புள்ளியில் பிறந்த ஜோடி தங்களுக்குள் பின்னியிருக்கும். ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் போய்விட்டால் அந்த ஜோடி என்ட்ரோபியில் சேரும். நேரம் ஆக ஆக, இன்னும் தொலைவில் பிறந்த ஜோடிகளும் கோட்டைத் தாண்டும், அதனால் வளர்ச்சி நேரத்துக்கு நேர்விகிதம். நீண்ட சங்கிலியின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தால், துண்டின் நீளத்தை வேகத்தின் இரு மடங்கால் வகுத்து வரும் நேரம் வரை ஏறி, பிறகு தட்டையாகிவிடும். அப்போது என்ட்ரோபி துண்டின் நீளத்துக்கு ஏற்ற அளவில் இருக்கும், சாதாரண வெப்பவியல் என்ட்ரோபி மாதிரியே.

வரம்பு உண்டு. பக்கத்து ஸ்பின்கள் மட்டுமே தொட்டுக்கொள்ளும் எந்தச் சங்கிலியிலும் செய்தி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகாது என்று லீப்பும் ராபின்சனும் 1972-லேயே நிறுவிவிட்டார்கள். இதை நேரில் பார்த்தது 2012-இல். மியூனிக் அருகே மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில், லேசர் ஒளியால் ஆன குழிகளில் குழிக்கு ஒன்றாக ரூபிடியம்-87 அணுக்களை வைத்து, குழியின் ஆழத்தைச் சட்டென்று குறைத்தார்கள். ஓர் இடத்தில் இரண்டு அணு, இன்னோர் இடத்தில் காலி, இந்த இரண்டும் எதிரெதிரே ஓடின. தொடர்பு எவ்வளவு தூரத்தில் எப்போது தெரிகிறது என்று குறித்தால் கூம்பு மாதிரி வந்தது. அந்த வரைபடத்தை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது ஆண்டுப் பழைய தேற்றம் ஒன்று கண்முன் கோடாக நிற்கிறது.

அப்படியானால் ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பலாமா?

முடியாது. இந்தக் கூம்பின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் மிக மிக மெதுவானது. அதோடு, பின்னிய ஜோடியில் ஒன்றை அளந்தாலும் மற்றதை வைத்திருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மூடிய அமைப்பின் குவாண்டம் நிலை எப்போதும் தூய நிலையாகவே, அதாவது எந்த விவரமும் விட்டுப்போகாத நிலையாகவே இருக்கும், அதன் மொத்த என்ட்ரோபி பூஜ்யம் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிறகு அது எப்படிச் சூடாகும்? (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

ஐயா, நீங்கள் சொல்லிக்கொடுத்தது முழுக்கச் சரி. இந்தத் துறைக்குள் என்னை இழுத்ததே இந்த முரண்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மொத்தத்தின் என்ட்ரோபி கடைசி வரை பூஜ்யம்தான், ஒரு விவரமும் தொலையவில்லை. ஆனால் ஆரம்பத்தில் ஒவ்வொரு ஸ்பின்னிலும் தனித்தனியாகப் படிக்க முடிந்த விவரம், பின்னல் வளர வளர இரண்டு ஸ்பின்களுக்கு இடையில், பிறகு நான்குக்கு இடையில், பிறகு பாதிச் சங்கிலிக்கு இடையில் என்று போய் ஒளிந்துகொள்கிறது. நாம் எப்போதும் ஒரு சிறு பகுதியைத்தான் அளக்கிறோம். அந்தச் சிறு பகுதிக்கு மீதிச் சங்கிலிதான் வெப்பத் தொட்டி. வெளியிலிருந்து சூடு எதுவும் வர வேண்டியதில்லை.

இதை 2016-இல் ஹார்வர்டில் கிரைனர் குழு செய்து காட்டியது. ஆறு குழிகள், ஆறு ரூபிடியம் அணுக்கள், அவ்வளவுதான். குழிகளுக்கு இடையிலான தடுப்பைக் குறைத்து ஓட விட்டார்கள். மொத்தம் தூய நிலையிலேயே இருக்கிறது, ஒரு குழியை மட்டும் பார்த்தால் அதில் எத்தனை அணு இருக்கும் என்ற நிகழ்தகவு வெப்பச் சமநிலைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆறே ஆறு அணுவில், ஐயா. அவகாட்ரோ எண் அளவு துகள்கள் இருந்தால்தான் வெப்பவியல் என்ற நம் பழக்கத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

என்ட்ரோபிக்கு மீட்டர் கிடையாதே, எப்படி அளந்தார்கள்?

ஒரே மாதிரி இரண்டு பிரதிகள் தயாரித்தார்கள். இரண்டையும் ஒரே நேரம் ஓடவிட்டு, கடைசியில் ஒன்றோடொன்று குறுக்கிட வைத்தார்கள், ஒளியில் கற்றைப் பிரிப்பான் செய்கிற வேலையைத்தான் இங்கே அணுக்களுக்குச் செய்தார்கள். இரண்டு பிரதியும் தூயதாகவும் அச்சு அசலாகவும் இருந்தால், குறுக்கீட்டுக்குப் பிறகு ஒரு பிரதியில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும். ஒரு பகுதியை மட்டும் எண்ணும்போது ஒற்றைப்படையும் கலந்து வந்தால் அந்தப் பகுதி வெளியே எதனோடோ பின்னியிருக்கிறது. இரட்டைக்கு கூட்டல் ஒன்று, ஒற்றைக்குக் கழித்தல் ஒன்று என்று போட்டுச் சராசரி எடுத்தால் அதுதான் தூய்மை, அதிலிருந்து இரண்டாம் ரென்யி என்ட்ரோபி (பின்னல் என்ட்ரோபியின் இன்னொரு வகை) நேராக வந்துவிடும். இதே முறையை நான்கு குழிகளில் 2015-லேயே செய்திருந்தார்கள்.

2019-இல் இன்ஸ்ப்ரூக்கில் பிரதியே இல்லாமல் செய்தார்கள். இருபது கால்சியம் அயனிகள், ஒவ்வொன்றையும் தற்போக்கான (ரேண்டம்) திசையில் திருப்பி அளப்பது, திரும்பத் திரும்ப. அளவுகளின் ஏற்ற இறக்கத்திலேயே தூய்மை அடங்கியிருக்கிறது. பத்து அயனிப் பகுதி வரை எடுத்தார்கள்.

ஜோடிப் படம் எல்லாச் சங்கிலிக்கும் பொருந்துமா? துகள்கள் மோதிச் சிதறினால்?

பொருந்தாது, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மோதிக் கலங்கும் சங்கிலிகளில் அப்படி நீண்டகாலம் ஓடும் அலைப்பொட்டலமே கிடையாது. ஆற்றல் அங்கே மெதுவாகத்தான் ஊறிப் பரவும், நான்கு மடங்கு நேரத்தில் இரண்டு மடங்கு தூரம். பின்னலும் அப்படித்தான் பரவும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிம், ஹியூஸ் இருவரும் 2013-இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஆற்றல் ஊறிப் பரவுகிற அதே சங்கிலியில் பின்னல் நேர்விகிதத்தில் ஏறியது. ஆற்றலின் மொத்த அளவு மாறாது, ஓரிடத்தில் இருந்தால் இன்னோரிடத்துக்குச் சுமந்து போக வேண்டும். பின்னல் அப்படிச் சுமக்கப்படுவதில்லை, போகிற வழியெல்லாம் புதிதாக முளைக்கிறது.

ஏன் நேர்விகிதம் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த விளக்கம் நஹூமும் கூட்டாளிகளும் 2017-இல் எழுதியது. மீன் வலை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பதாக நினையுங்கள். அகலம்தான் சங்கிலி, உயரம்தான் நேரம், ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பக்கத்து ஸ்பின்கள் ஒருமுறை தொட்டுக்கொண்டது. மேல் விளிம்பில் ஒரு புள்ளியில் கத்தரியை வைத்து வலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும், முடிந்தவரை குறைந்த இழைகளை அறுத்து. அறுபடும் இழைகளின் எண்ணிக்கை பின்னல் என்ட்ரோபிக்கு உச்ச வரம்பு. ஆரம்பத்தில் வலை குட்டையாக இருக்கும், நேரே கீழே வெட்டிவிடலாம், அதனால் உயரம் கூடக்கூட எண்ணிக்கையும் அதே விகிதத்தில் கூடும். வலை மிக நீண்டுவிட்டால் கீழே போவதை விடப் பக்கவாட்டில் வெட்டி வெளியே வருவது லாபம், அப்போது எண்ணிக்கை நேரத்தைச் சாராது, தட்டையாகிவிடும். ஏறுவதும் நிற்பதும் ஒரே வலையில்! தற்போக்கு முடிச்சுகளில் சராசரியைச் சுற்றிய ஏற்ற இறக்கம் நேரத்தின் மூன்றில் ஒரு அடுக்காக வளரும் என்பதும் அதே கட்டுரையில் வந்தது. வளரும் பரப்புகளின் சொரசொரப்பை விவரிக்கும் அதே விதி.

ஒரு எச்சரிக்கை. ரென்யி என்ட்ரோபிகளை அளந்தால், ஆற்றலைப் போல மொத்த அளவு மாறாமல் ஊறிப் பரவும் ஒன்று இருக்கும் சங்கிலியில் அவை நீண்ட நேரத்தில் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் வளரும் என்று 2019-இல் காட்டினார்கள். சோதனைச்சாலையில் அளப்பது பெரும்பாலும் ரென்யிதான், அதனால் அதையும் நான் மேலே சொன்ன வழக்கமான பின்னல் என்ட்ரோபியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். இதையெல்லாம் நல்ல கணினியில் அப்படியே ஓட்டிப் பார்த்தால் போதாதா?

50 ஸ்பின் என்றால் 2-இன் 50-ஆம் அடுக்கு எண்கள், ஏறக்குறைய 11 கோடி கோடி. எண்ணுக்கு 16 பைட் வைத்தால் 18 பெட்டாபைட். அதனால் சுருக்கி வைக்கிறோம், அணிப்பெருக்க நிலை என்று, அணிகளின் (எண் அட்டவணைகளின்) பெருக்கமாக எழுதும் ஒரு வடிவம் இருக்கிறது, பின்னல் குறைவாக இருந்தால் மிக நன்றாகச் சுருங்கும். சிக்கல் என்னவென்றால் பின்னல் ஒரு பிட் கூடினால் அணியின் அளவு இரட்டிப்பாக வேண்டும், கணக்கு வேலை எட்டு மடங்காகும். பின்னல் நேர்விகிதத்தில் ஏறுவதால் செலவு நேரத்தின் அடுக்குக்குறியாக ஏறுகிறது.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். முதல் வருடம் என் நிரலில் என்ட்ரோபி அழகாக ஏறி ஒரு மதிப்பில் நின்றது, சமநிலை வந்துவிட்டது என்று சந்தோஷமாக அறிக்கை எழுதினேன். அணியின் அளவை இரட்டித்தபோது அந்தத் தட்டை மேலே நகர்ந்தது. நான் பார்த்தது சங்கிலியின் சமநிலை இல்லை, அணியின் கூரை. இரண்டு வார முடிவுகளைத் தூக்கிப்போட்டேன். அதிலிருந்து மூன்று அளவுகளில் ஓட்டிப் பார்க்காமல் எந்தத் தட்டையையும் நம்புவதில்லை.

பரவலை நிறுத்த முடியுமா, அக்கா?

மெதுவாக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் தற்போக்கான வலுவான புலம் வைத்தால் துகள்கள் முடங்கும், இது ஆண்டர்சன் 1958-இல் சொன்னது. அதோடு ஸ்பின்களுக்கு இடையே விசையும் இருந்தால் துகள் நகராது, ஆனால் பின்னல் ஏறிக்கொண்டே இருக்கும், நேரத்தின் மடக்கையாக, அதாவது மிக மிக மெதுவாக. 2008-இல் கணினியில் தெரிந்தது, 2012-இல் உறுதிப்பட்டது, 2019-இல் ஹார்வர்டில் அணுக்களில் அளந்தார்கள். மிகப் பெரிய அமைப்பிலும் கடைசி வரை இந்த முடக்கம் நிற்குமா என்பதில் இன்னும் கடும் வாதம் நடக்கிறது, என் சாய்வு நிற்காது என்பவர்கள் பக்கம்.

இன்னொரு வழி, ஓடும்போதே நடுநடுவே அளந்துகொண்டே இருப்பது. அடிக்கடி அளந்தால் பின்னல் வளராமல் சிறு அளவில் நின்றுவிடும், அரிதாக அளந்தால் வழக்கம்போல் வளரும், நடுவில் ஒரு கூர்மையான மாற்றப் புள்ளி இருக்கிறது. 2018, 2019-இல் பல குழுக்கள் இதைக் கண்டார்கள். 2023-இல் கூகுள் 70 க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) வரை இதைச் சோதித்துப் பார்த்தது.

பத்து ஸ்பின் ஐசிங் சங்கிலியை (பக்கத்து ஸ்பின்கள் ஒரே அச்சில் மட்டும் தொட்டுக்கொள்ளும் எளிய சங்கிலி) நானே எழுதி ஓட்டினேன், திறந்த முனைகள், இணைப்பும் குறுக்குப் புலமும் 1. பாதியின் என்ட்ரோபி ஏறிவிட்டு மறுபடி இறங்குகிறது. எங்கே தப்பு?

தப்பு இல்லை, தம்பி. பாலி அணிகளோடு (ஸ்பின்னுக்கான வழக்கமான 2×2 அணிகள்) எழுதியிருந்தால் அதிவேகத் துகளின் வேகம் நேர அலகுக்கு 2 இடம். முனையில் பட்டுத் திரும்பி வரும் ஜோடிகள் நேரம் 5 அருகே மறுபடி சந்திக்கும், அங்கே இறக்கம் தெரியும். மெதுவான துகள்களும் இருப்பதால் பூஜ்யம் வரை போகாது.

இப்போது நெடுக்குப் புலம் ஒன்றைச் சேர்: குறுக்கு 0.9045, நெடுக்கு 0.809, இணைப்பு 1, கிம்-ஹியூஸ் எடுத்த எண்கள். எல்லா ஸ்பின்களையும் ஒய் திசையில் நிறுத்தி ஆரம்பி, ஆற்றலின் சராசரி பூஜ்யமாக இருக்கும். என்ட்ரோபி ஏறி, பெரிதாக இறங்காமல், சின்னச் சின்ன நடுக்கத்தோடு நிற்கும். தற்போக்கு நிலைக்கு இயற்பியலாளர் பேஜ் 1993-இல் தந்த மதிப்பு, பாதிச் சங்கிலியின் உச்சமான 5 பிட்டிலிருந்து சுமார் 0.72 குறைவு, அதாவது 4.28. உன் தட்டை அதற்குக் கிட்டத்தில் வருகிறதா என்று பார்த்துச் சொல்.