வயதானவர்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி பலன் தருமா?

74 வயது அம்மாவுக்கு டாக்டர் ஆக்குபேஷனல் தெரபி எழுதிக்கொடுத்திருக்கிறார், இது வேலைக்குப் போகிறவர்களுக்கான சிகிச்சை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. இங்கே 'வேலை' (ஆக்குபேஷன்) என்பது குளிப்பது, சமைப்பது, கோயிலுக்குப் போய்வருவது என அன்றாடம் செய்கிற எல்லாமும்தான்; அவற்றை முடிந்தவரை தாமே செய்ய உதவுவதுதான் இந்தத் தெரபி.

ஆய்வும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் 60 வயதைத் தாண்டிய 361 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்பது மாதம் இந்தத் தெரபி. இன்னொரு குழு சும்மா கூடிப் பேசி, விளையாடிப் பொழுதுபோக்கியது. மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. 1997-ல் முடிவு வெளியானது: தெரபி பெற்றவர்களின் உடல்நலமும் மனநலமும் மேலாக இருந்தன. பொழுதுபோக்குக் குழுவுக்கோ தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பெரியவர்களை 'ஏதாவது பிஸியா வச்சுக்கோங்க' என்றால் போதாது. அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி யோசித்துச் செய்ய வேண்டும்.

திருவல்லிக்கேணியில் என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் முதலில் பாத்ரூமைத்தான் பார்த்தார். மாமியார் துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்; அது ஆடிக்கொண்டிருந்தது. அங்கே உறுதியான கைப்பிடி, குளிக்க உயரமான ஸ்டூல், பக்கெட்டை வைக்க ஒரு மேடை. அப்புறம், "உங்களுக்கு எது செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். "கோலம்" என்றார் மாமியார். குனிய முடியாமல் விட்டுப்போயிருந்தது. இப்போது குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சின்னதாய் நாலு புள்ளிக் கோலம் போடுகிறார்.

உங்கள் அம்மாவிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலோடு தெரபிஸ்டிடம் போங்கள்.