வெளிநாட்டு உதவிப் பணமும் தொண்டு அமைப்புகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பதினெட்டு வருடம் இந்தத் துறையில் குப்பை கொட்டியவன் நான். பாதிக் காலம் களத்தில், மீதிக் காலம் பணம் கொடுக்கும் அமைப்பின் மேசையில். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: குடிமைச் சமூக அமைப்பு என்றால் என்ஜிஓ தானே? எதற்குப் புதுப் பெயர்?

என்ஜிஓ, அதாவது அரசு சாரா நிறுவனம், அதில் ஒரு பகுதிதான். தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், பெண்கள் குழு, மாற்றுத்திறனாளிகள் சங்கம், கோயில், சர்ச், மசூதி சார்ந்த சேவை அமைப்பு எல்லாம் இதில் அடங்கும். அரசும் இல்லை, லாபம் பார்க்கும் கம்பெனியும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் நிதி விண்ணப்பம் போடப் பதிவு எண், தணிக்கை அறிக்கை, வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். அதனால் நடைமுறையில் பணம் போவது பெரும்பாலும் என்ஜிஓக்களுக்கே.

கேள்வி: அரசு இருக்கும்போது இவர்கள் எதற்கு? பணத்தை நேராக அரசிடம் கொடுத்துவிடலாமே?

பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை என்றால் அரசுதான். அதை எந்தத் தொண்டு நிறுவனமும் நாடு முழுக்க நடத்திவிட முடியாது. ஆனால் சில வேலைகள் வாசல்படி ஏறினால்தான் நடக்கும்.

வங்கதேசத்தின் பிராக் அமைப்பைப் பாருங்கள். ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கியது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பாற்றும் என்று விஞ்ஞானம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? 1980 முதல் பிராக்கின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். அளவுக் கரண்டி வேண்டாம், பாக்கெட் வேண்டாம். சில வாரம் கழித்து வேறொரு குழு சில வீடுகளுக்குப் போய்த் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிக்கும். அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம்!

ஆரம்பத்தில் தாய்மாருக்குப் பாடம் நினைவிருந்தது, ஆனால் கரைசலைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. விசாரித்தால், சொல்லிக்கொடுத்தவர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வந்தால் மாத்திரைதான் போட்டார்கள். அதைச் சரிசெய்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். பணத்தில் பெரும்பங்கு வெளிநாட்டு உதவி. ஆனால் தவறைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் உள்ளூர் ஆட்கள்.

கேள்வி: கொடுக்கிற 100இல் கடைசி ஆளுக்கு எவ்வளவு போகும்? உண்மையைச் சொல்லுங்கள்.

எல்லாத் திட்டத்துக்கும் பொருந்துகிற எண் எதுவும் இல்லை. யாராவது ஒரு எண்ணை அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் போகும் வழியை மட்டும் சொல்கிறேன். பணக்கார நாட்டு அரசு ஒரு ஐ.நா. அமைப்புக்கோ பெரிய சர்வதேச நிறுவனத்துக்கோ கொடுக்கும். அது தலைநகரில் உள்ள தேசிய அமைப்புக்கு. அது மாவட்டத்தில் உள்ள சின்ன அமைப்புக்கு. ஒவ்வொரு படியிலும் அலுவலகம், கணக்கு, தணிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் போன்றவை இந்தப் பொதுச் செலவுக்கு 7 சதவீதம் வரை தரும். அமெரிக்க அரசின் விதியில் 10 ஆக இருந்த அடிப்படை விகிதம் 2024 அக்டோபரில் 15 ஆனது. மேல்படியில் இருப்பவர் இதை எடுத்துக்கொள்வார். கீழே வரும்போது "உங்களுக்குக் களச்செலவு மட்டும்தான்" என்பார்.

நான் களத்தில் இருந்தபோது ஒரு பட்ஜெட் போட்டோம். பணம் கொடுத்த நிறுவனம் மோட்டார் பைக் பெட்ரோல் செலவை விட்டுவைத்தது, கணக்காளரின் அரைச் சம்பளத்தை அடித்துத் திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம் அதே நிறுவனத்தின் தணிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "உங்களிடம் ஏன் முழுநேரக் கணக்காளர் இல்லை?" சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆகவே "எங்கள் நிர்வாகச் செலவு வெறும் 3 சதவீதம்" என்று விளம்பரம் செய்யும் அமைப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒன்று, செலவை வேறு தலைப்பில் ஒளித்திருப்பார்கள். இல்லை, ஆட்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் தரமாட்டார்கள்.

கேள்வி: உள்ளூர் அமைப்புகளுக்கே நேராகக் கொடுப்பதாக ஏதோ ஒப்பந்தம் போட்டார்களாமே?

2016இல் இஸ்தான்புல் உலக மனிதநேய மாநாட்டில் போட்ட 'கிராண்ட் பார்கெய்ன்'. கொடையாளர்களும் பெரிய உதவி அமைப்புகளும், பேரிடர், போர்க்கால உதவியில் 25 சதவீதத்தை 2020க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகத் தருவோம் என்றார்கள். இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். பணம் கொடுக்கும் அமைப்பின் மேசையில் உட்கார்ந்தபோது எனக்கே புரிந்தது: ஒரு கோடி டாலருக்கு ஒரே ஒப்பந்தம் என்றால் ஒரு அதிகாரி பார்த்துக்கொள்வார். அதையே நூறாகப் பிரித்தால் நூறு அறிக்கை, நூறு தணிக்கை, படிக்க ஆள் கிடையாது. பணம் தவறினால் பதில் சொல்லவேண்டியதும் அவர்தான். அதனால் இடைத்தரகர் வேண்டியிருக்கிறது. கொடுமை என்னவென்றால், சில சர்வதேச நிறுவனங்கள் தங்கள் கிளையையே அந்த நாட்டில் பதிவுசெய்து "நாங்களும் உள்ளூர்தான்" என்று வரிசையில் வந்து நின்றுவிடுகின்றன.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர் வெளிநாட்டுக்குத்தானே வேலை செய்வார்?

கேட்கவேண்டிய கேள்விதான். பல அரசுகள் இதைச் சொல்லியே சட்டம் போட்டன. ரஷ்யா 2012இல் 'வெளிநாட்டு முகவர்' சட்டம் கொண்டுவந்தது: வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியலில் ஈடுபடும் அமைப்பு அந்தப் பெயரில் பதிவுசெய்ய வேண்டும். எத்தியோப்பியா 2009இல், மனித உரிமை பேசும் அமைப்பு தன் வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கக்கூடாது என்றது. 2019இல்தான் அதை மாற்றினார்கள். இந்தியா தன் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்தில், வெளிநாட்டு நிதி வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தருவதைத் தடைசெய்தது. இதில் எத்தியோப்பிய அரசே பெரிய அளவில் வெளிநாட்டு உதவி வாங்கிக்கொண்டிருந்த அரசு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் பார்த்த பாதிப்பு உளவு வேலை மாதிரி பரபரப்பானது இல்லை. கொடுப்பவரின் பிடித்தமான சொல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். அதே கிணற்றை ஒருமுறை 'குடிநீர்' என்று எழுதினோம், அப்புறம் 'பெண்கள் அதிகாரம்', அதற்கப்புறம் 'காலநிலைத் தகவமைப்பு'. கிணறு மாறவே இல்லை. ஆனால் கிணறு வேண்டாம், பால் கூட்டுறவு வேண்டும் என்று ஊர் சொன்னபோது அதை எழுத விண்ணப்பத்தில் கட்டமே இல்லை.

கேள்வி: சேவை தவிர வேறு என்ன சாதித்திருக்கிறார்கள்?

1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி8 எனும் எட்டு வலிமையான நாடுகளின் தலைவர்கள் கூடியபோது ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். ஜூபிலி 2000 இயக்கம் அது. அடுத்த வருடம் ஏழை நாடுகளுக்கான உலக வங்கி, ஐஎம்எஃப் கடன் நிவாரணத் திட்டம் விரிவானது. உலக வங்கி கடன் கொடுத்த நர்மதை அணைக்கு எதிரான போராட்டத்துக்கும் ஒரு பங்குண்டு: 1993இல் உலக வங்கி, தன் திட்டங்களால் பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாகப் புகார் தர ஒரு ஆய்வுக்குழுவை அமைத்தது. இந்த மாதிரி வேலைக்குத் திட்ட நிதி கிடைப்பது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தேர்வுக்குப் படிக்கிறேன். பாரிஸ், அக்ரா, புசான் எல்லாம் குழப்புகிறது.

வெளிநாட்டு உதவியைப் பயனுள்ளதாக்குவது பற்றிச் சர்வதேசக் கூட்டங்கள் நடந்த ஊர்கள் இவை. 2005 பாரிஸ் பிரகடனம் முக்கியமாக அரசுகளுக்கு இடையிலானது. 2008 அக்ரா, குடிமைச் சமூகத்தைத் தனித்து நிற்கும் பங்காளி என்று ஏற்றது. "எங்கள் தரத்தை நாங்களே வகுக்கிறோம்" என்று அமைப்புகளே 2010இல் இஸ்தான்புல் கொள்கைகள் எட்டை வெளியிட்டன. 2011 புசான் அவற்றைக் குறிப்பிட்டது. இவ்வளவு போதும்.

கேள்வி: சின்ன அமைப்பு நடத்துகிறேன். 2025க்குப் பிறகு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. 2025 ஜனவரி 20இல் அமெரிக்கா உதவிகளை 90 நாள் நிறுத்தியது, ஜூலை 1இல் அதன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் வெளியுறவுத் துறைக்குள் கரைந்தது. முடித்த வேலைக்கே பணம் வராமல் தவித்த அமைப்புகள் உண்டு. ஒரே கொடையாளரை நம்பியிருந்தால் இப்போதே இரண்டாவது வழி தேடுங்கள். உறுப்பினர் சந்தா சிறியதாக இருந்தாலும் விடாதீர்கள். சேமிப்பு நிதி வைக்கத் திட்டப் பணம் அனுமதிக்காது, சந்தா அனுமதிக்கும்.

இன்னொன்று, கணக்கை மேலே மட்டும் அனுப்பாதீர்கள். நாங்கள் ஒருமுறை குடிநீர்த் திட்ட பட்ஜெட்டை ஒரு பெரிய சார்ட் தாளில் எழுதி ஊர்ப் பொதுக்கூடச் சுவரில் ஒட்டினோம். ஒரு பாட்டி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பேரனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். கொடையாளரின் சின்னம் போட்ட பெயர்ப்பலகை வரி வந்ததும் விரல் நின்றது. "ஏம்ப்பா, குழாயை விட போர்டு விலை ஜாஸ்தியா?" என்றார். அப்படியே கொடையாளருக்கு எழுதி அனுப்பினோம். அடுத்த வருடம் பலகை பாதி அளவுக்குச் சுருங்கியது, இரண்டு குழாய் கூடியது.