அண்ணனுக்கு இரண்டு நாள், தங்கச்சிக்கு நான்கு நாள்: ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஏன் இவ்வளவு பயிற்சி?

கேள்வி: புஸல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, தரம் 3 படிக்கிறாள். சனிக்கிழமைகளில் கண்டியில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். அவளுக்கு நன்றாக வருகிறது என்று சொல்லி, இனிமேல் கிழமைக்கு நான்கு நாள், ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் வரவேண்டும் என்கிறார் மாஸ்டர். மூத்தவன் பாடசாலை கிரிக்கெட் அணியில் இருக்கிறான். அவனுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சிதான். இது காசு பிடுங்கும் வேலை என்கிறார் என் வீட்டுக்காரர். பஸ்ஸில் போக ஒன்றரை, வர ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. மாஸ்டர் சொல்வதிலும் பெரும்பகுதி உண்மைதான். பிள்ளைகள் ஆடும் மற்ற விளையாட்டுகளைவிட ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அதிக நேரம் வேண்டும். ஆனால் எட்டு வயதில் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

மூத்தவனுக்கு இரண்டு நாள் பயிற்சி என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவ்வளவுதானா? பாடசாலை விட்டு வந்ததும் லயத்துக்கு முன்னால் டென்னிஸ் பந்தோடு இருட்டும்வரை ஆடுவானே, அது பயிற்சி இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், தங்கச்சியின் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவான். கிரிக்கெட், கரப்பந்து, எல்லே எல்லாமே இப்படித்தான். ஆடுவதே பயிற்சி, கூட நாலு பிள்ளைகள் இருந்தால் போதும். அந்த நேரத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை, காசும் கேட்பதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸை அப்படி வாசலில் வைத்துப் பழக முடியாது. மெத்தையும், மேலே ஏறி நிற்கும் ஒடுங்கிய சட்டமான பீமும், தொங்கி ஆடும் கம்பியான பாரும், பக்கத்தில் நின்று பிடிக்க ஆளும் வேண்டும். அதனால் அவள் பழகும் ஒவ்வொரு நிமிடமும் மண்டபத்துக்குள்தான், பெற்றோர் கண்ணுக்குத் தெரிந்துதான் நடக்கிறது.

அடுத்தது, இதை ஒரே விளையாட்டு என்று சொல்வதே கொஞ்சம் ஏமாற்று. பெண் பிள்ளைகளுக்கு வோல்ட் (ஓடிவந்து மேசைபோன்ற ஒன்றில் கையூன்றித் தாண்டுவது), பார், பீம், தரை என்று நான்கு பிரிவு, ஆண் பிள்ளைகளுக்கு ஆறு. ஒன்றில் கெட்டிக்காரியாக இருப்பது இன்னொன்றுக்குப் பெரிதாக உதவாது. பாரில் தொங்கக் கையும் தோளும் வேண்டும். பீம் பத்து சென்ரிமீற்றர்தான் அகலம், போட்டியில் தரையிலிருந்து 1.25 மீற்றர் உயரத்தில் இருக்கும். அங்கே வேண்டியது வேறு திறமை. மூன்று மணித்தியால வகுப்பில் முதல் அரை மணித்தியாலம் உடம்பைச் சூடாக்குவதில் போகும், மலைநாட்டுக் குளிரில் அதைக் குறைக்கவும் கூடாது. அப்புறம் நீட்சிப் பயிற்சி, வலுப் பயிற்சி, முறை வரும்வரை வரிசையில் நிற்பது. பீமின் மேல் அவள் உண்மையிலேயே நிற்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள்தான் தேறும். ஒருநாள் கூடவே உட்கார்ந்து பார்த்தால் புரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், இங்கே பிழை விட்டால் அடிபடும் என்பது. மூத்தவன் பந்தைத் தவறவிட்டால் ஒரு விக்கெட் போகும், அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். பின்பக்கமாகக் கையூன்றிப் பாய்வதைத் தங்கச்சி பாதி தெரிந்த நிலையில் செய்தால் கழுத்துக்கு ஆபத்து. அதனால் எதையும் படிப்படியாகத்தான் ஏற்ற முடியும். முதலில் சுவரோடு தலைகீழாக நிற்க வேண்டும். அப்புறம் சரிவு மெத்தையில் மாஸ்டர் முதுகைத் தாங்கப் பாய வேண்டும், பிறகு தரையில் தனியாக, பிறகு தரையில் போட்ட கோட்டின் மேல், பிறகு தாழ்ந்த பீமில். உயரமான பீம் கடைசியில்தான். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான் யோசிக்காமலே உடம்பு சரியாகச் செய்யும். அப்படிப் பழகியும் சில நேரம் கைவிட்டுப் போகும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், அந்தரத்தில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு குழம்பியதால்தான் சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். உலகின் முதல்தர வீராங்கனைக்கே அது நடந்தது.

போதாக்குறைக்குப் பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறாள். கால் நீண்டு எடை கூடும்போது போன வருடம் வந்த கரணம் இந்த வருடம் வராது, திரும்பப் பழக வேண்டும். புள்ளிமுறையிலும் தயவு கிடையாது. செய்நேர்த்திக்கான பத்துப் புள்ளியிலிருந்து சின்னப் பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரியதுக்கு 0.5, விழுந்தால் ஒரு முழுப் புள்ளி என்று கழித்துக்கொண்டே போவார்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கினாலும் கழிப்புத்தான்.

சரி, இவ்வளவும் உண்மையென்றால் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்?

விளையாட்டு மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லும் எளிய அளவு ஒன்று உண்டு: ஒரு கிழமையின் ஒழுங்கமைந்த பயிற்சி மணித்தியாலம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளுக்கு அது எட்டு. இந்த விளையாட்டில் மேல்மட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு கட்டத்தில் அந்த அளவைத் தாண்டத்தான் செய்கிறார்கள், அதற்கு இப்போதே அவசரமில்லை. கரணம் அடித்து இறங்கும்போது உடல் எடையைப்போல் பத்து மடங்குவரை கூட விசை வரலாம். எலும்பு வளரும் இடங்கள் இன்னும் மென்மையாக இருக்கும் வயது இது. அத்தோடு பஸ்ஸையும் கணக்கெடுங்கள். நான்கு நாள் போனால் பயணமே பன்னிரண்டு மணித்தியாலம். கிழமைக்கு இருபத்துநான்கு மணித்தியாலம், அதில் பாதி மலைப் பாதையின் வளைவுகளில். அலுத்துப்போன பிள்ளைதான் விழுந்து அடிபடும்.

சின்ன வயதில் முந்தாவிட்டால் எல்லாம் போச்சு என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 1976 ஒலிம்பிக்கில் பதினான்கு வயதில் பத்துக்குப் பத்து எடுத்தது அந்தக் காலம். இப்போது பெண்கள் சர்வதேச மூத்தோர் போட்டிக்கு வர அந்த வருடத்தில் பதினாறு நிறைவடைய வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வோல்ட்டில் நான்காம் இடம் பெற்ற திரிபுராவின் தீபா கர்மாகர் அப்போது இருபதைத் தாண்டியவர். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா டோக்கியோவில் ஆடியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை மில்கா கெஹானியையும் நாம் பார்த்தது அதே டோக்கியோவில்தான்.

ஆகவே மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாமல், "கிழமைக்கு இரண்டு நாள், மூன்று மூன்று மணித்தியாலம் அனுப்புகிறோம், இரண்டு வருடம் கழித்து மறுபடி பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பயிற்றுவிப்பாளர் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொள்வார். அந்த ஆறு மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? இறங்கும் இடத்தில் தடித்த மெத்தை இருக்கிறதா? பெற்றோர் உள்ளே உட்காரலாமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்த வகுப்பே வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளையிடம் எடையைக் குறைக்கச் சொல்லும் இடமும் அப்படித்தான். வெறும் தேத்தண்ணியோடு அவளைப் பஸ் ஏற்றாதீர்கள். முட்டையோ அவித்த கடலையோ பருப்போடு ரொட்டியோ ஏதாவது வயிற்றில் இருக்கட்டும்.

வீட்டில் நீட்சிப் பயிற்சி, சுவரோடு தலைகீழாக நிற்பது, உறுதியான கொய்யாக் கிளையில் தொங்குவது போதும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சீமெந்துத் தரையிலும் ஈரப் புல்லிலும் கரணம் அடிக்க விடக்கூடாது. கையூன்றும்போது பெருவிரல் பக்க மணிக்கட்டில் வலி, பின்னால் வளையும்போது இடுப்பில் வலி, குதிகாலில் வலி இவற்றில் எது வந்தாலும் எண்ணெய் பூசி அனுப்பாமல் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு வருடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வரும். அப்போது பல பெற்றோர் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, பரீட்சை முடிந்த கையோடு பழைய இடத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அந்த வருடம் கிழமைக்கு ஒருநாளாவது போய்வரட்டும். முழுதாக நிறுத்த வேண்டி வந்தால், திரும்பும்போது இரண்டு படி கீழே இறங்கித் தொடங்கச் சொல்லி மாஸ்டரிடம் நீங்களே கேளுங்கள்.